குத்தகைக் காரும் நாற்பதாம் நம்பர் ஆயிலும்

இண்டூரில் ஒரு அம்பாசடர் சும்மா நிற்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் என் மனைவிதான். எண்பதுகளின் நடுவில் அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தருமபுரியில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு அரிசி மில்காரரிடம் டிரைவர். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் மூலமாக, பேப்பர்காரனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"இண்டூர்ல ஒரு அம்மா இருக்காங்களாம். வூட்டுக்காரரு போனதுலருந்து காரு கொட்டாயில நிக்குதாம். விக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். குத்தகைக்குன்னா தருவாங்களாம்" என்றாள்.

"காருக்குக் குத்தகையா? அது என்ன நெலமா?"

"கேட்டுத்தான் பாப்பமே. எத்தன நாளைக்கு அடுத்தவங்களுக்கு ஹாரன் அடிச்சிட்டு இருப்பீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு இண்டூருக்கு மிதித்தேன். அந்த வீட்டு வாசலில் நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள். அதைக் காலால் தள்ளிவிட்டபடி ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், கணீரென்ற குரல். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். இரண்டு மாடுகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது கார். தார்ப்பாயை இழுத்ததும் இரண்டு கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன. வெள்ளை அம்பாசடர். தூசியைத் தவிர அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். வைத்திருந்தவர் ஆசையாக வைத்திருந்திருக்கிறார் என்பது உள்ளே பார்த்தவுடனே தெரிந்தது.

"வாங்கறன்னு வர்றவனெல்லாம் மொதல்ல கதவத் தட்டிப் பாக்கறான். அப்பறம் மூஞ்சியச் சுளிக்கறான். அதனாலயே விக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு எனக்கு. குத்தகைக்கு எடுத்துக்க தம்பி. மாசாமாசம் குடுக்கறதக் குடு. ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கம்மா."

"ஆயிலு மாத்தறப்ப எல்லாம் நான் பக்கத்துல நிப்பேன். எந்த ஆயிலு, எந்த ஃபில்டருன்னு நாந்தான் சொல்லுவேன்."

நான் தயங்கினேன். பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஆயில் வாங்க எனக்கு ஒரு ஆள் சொல்லவேண்டுமா என்று தோன்றியது. அது என் முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"கோவிச்சுக்காத தம்பி. நெலத்தக் குத்தகைக்கு வுட்டா எவனாவது எரு போடறானா? இருக்கற சாரத்த எடுத்துக்கிட்டுப் போயிடறான். காருக்கு ஆயிலு அந்த மாதிரிதான்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. நீ அப்பிடிப்பட்ட ஆளுன்னு சொல்லலிங்க. ஆனா நான் பாக்கணும்."

அவர் என்னை "நீ" என்று ஆரம்பித்து "ங்க" என்று முடித்தது எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொன்னது என் மனைவி.

"வாங்கம்மா. நானும் வர்றேன். மூணு பேருமே நிப்போம்."

அப்படித்தான் அந்தக் கார் எங்கள் கைக்கு வந்தது. டாக்சிக்கு மாற்றி, பெயின்ட் அடித்து, ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன்னால் முதல் வேலையாக ஆயில் மாற்றவேண்டியிருந்தது. ஒரு வருடம் சும்மா நின்ற இன்ஜினில் பழைய ஆயில் தார் மாதிரி ஆகியிருந்தது.

சொன்ன நாளில் இண்டூர் பஸ்ஸில் அந்த அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை, அதற்குள் வறுத்த கடலையும் வெல்லமும். ஏதோ உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறவர் மாதிரி, பட்டுக்கரை போட்ட சேலை கட்டியிருந்தார். என் மனைவியும் மெஷினை மூடிவைத்துவிட்டு வந்திருந்தாள். சேலம் ரோட்டில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மூவரும் போனோம். அந்தக் கடைக்குள் அதற்கு முன்னால் பெண்கள் யாரும் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "ஜவுளிக்கடை பக்கத்து சந்துங்கம்மா" என்றார்.

"ஆயிலு வேணும்ப்பா. எல்லாத்தயும் எடுத்து வையி" என்றார் அம்மா.

கடைக்காரர் டின்களை வரிசையாக வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெரும்பாலும் இரண்டே நம்பர்தான். முப்பது என்பது மெல்லியது, நாற்பது என்பது கெட்டி. அப்போதுதான் புதிதாக இன்னொன்று வர ஆரம்பித்திருந்தது. இருபது-நாற்பது என்று இரண்டு நம்பர் போட்டிருக்கும். குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் கெட்டியாகவும் நடந்துகொள்ளும் ஆயில் என்றார்கள். மில்காரரின் காருக்கு அதைத்தான் ஊற்றியிருந்தோம். எனக்கு அதுதான் வேண்டும் என்று ஆசை.

அம்மா ஒவ்வொரு டின்னிலும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செக்கில் நல்லெண்ணெய் வாங்குகிற அதே பார்வை.

"இது கெட்டியா இருக்குது. நாப்பது. எங்க வூட்டுக்காரரு இதத்தான் ஊத்துவாரு."

"இந்தப் புதுசு நல்லா இருக்கும்மா" என்றேன். "காலைல டக்குனு ஸ்டார்ட் ஆவும்."

"ரெண்டு நம்பரு போட்டவன எப்பிடித் தம்பி நம்பறது? ஒண்ணு இப்பிடி இருக்கணும், இல்லன்னா அப்பிடி இருக்கணும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மனைவி நடுவில் புகுந்தாள். "அம்மா, மார்கழில தேங்காயெண்ண பாட்டில்ல உறைஞ்சு போவுதில்லிங்களா? தலைக்கு வைக்க வெயில்ல வைக்கறோம். அது உறையாத எண்ணயா இருந்தா நல்லதுதானே? இந்தப் புதுசு அப்பிடி."

அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "பேசக் கத்து வச்சிருக்கற கண்ணு. செரி, இந்தத் தடவ அவரு ஊத்துன ஆயிலு. அடுத்த தடவ உம் புருசன் சொல்ற ஆயிலு. எது நல்லதுன்னு நானே பாத்துக்கறேன்."

அடுத்து ஃபில்டர். இங்கேதான் கடைக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். பளபளவென்ற அட்டை உறைக்குள் இருந்தது. "ஒரிஜினலு வேணுமின்னா வேற இருக்குதுங்க. ஆனா வேலை எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அம்மா இரண்டையும் கையில் வாங்கினார். "ஒண்ணுதான்னா வெல ஏன் வேறயா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தார். யாரும் என்ன ஏது என்று கேட்பதற்குள் பளபள ஃபில்டரை நடுவில் வைத்து நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டார்.

"ஐயோ அம்மா!" என்றார் கடைக்காரர்.

"காசு குடுக்கறேன்ப்பா. உள்ள என்னன்னு பாக்க வேணாமா?"

உள்ளே மஞ்சள் நிறத்தில் காகிதம், விசிறி மாதிரி மடித்து வைத்திருந்தது. ஆனால் மடிப்புகள் தூரதூரமாக இருந்தன. ஒரு பக்கம் பசை விட்டுப்போயிருந்தது. ஒரிஜினலை வெட்டவேண்டியிருக்கவில்லை. அது மேல் மூடி இல்லாத ரகம், மடிப்புகள் வெளியிலேயே தெரிந்தன. என் மனைவி அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, நகத்தால் மடிப்புகளை வருடிக்கொண்டே போனாள்.

"இது அம்மா, ஆறு கெஜத்துல நல்லா நெருக்கமா கொசுவம் வச்ச சேல. அது பாவாடத் துணி பத்தாம இழுத்துத் தச்சது."

அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்துவிட்டார். வெட்டிய ஃபில்டருக்கு அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மாதிரி ஃபில்டரை அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் படும்படி வைத்ததும் இல்லை.

பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டர் போட்டு, நாற்பதாம் நம்பரை ஊற்றியது பக்கத்திலிருந்த ஒரு மெக்கானிக். பாலக்கோட்டுக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வேலை முடிந்ததும் "ஆயித்தும்மா" என்று கையைத் துடைத்துக்கொள்வார். அம்மா அவர் தலைக்கு மேலேயே நின்று கடைசிச் சொட்டு வரை பார்த்தார்.

"இப்ப இது நல்லா வேல செய்யுதான்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த சின்ன வட்ட மீட்டரைக் காட்டினேன். "இது ஆயில் முள்ளுங்கம்மா. இன்ஜின்ல ஆயில் நல்லா ஓடுச்சுன்னா முள்ளு மேல நிக்கும். மேடு ஏறறப்ப, இன்ஜின் சூடாவறப்ப, எறங்கும். ரொம்ப எறங்கக்கூடாது."

"மேடுன்னா எங்க?"

"தொப்பூர்தான்."

"அப்ப தொப்பூருக்கே போவோம்."

பின்கதவைத் திறக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். பின்னால் உட்கார்ந்தால் முள் தெரியாது. முன்னால் வாருங்கள் என்றேன். அவர் ஒரு விநாடி நின்றார். அப்புறம் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் மனைவி பின்னால் கடலைக் கூடையோடு.

தருமபுரியிலிருந்து போகும்போது தொப்பூர் இறக்கம். அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். கணவாய் ஆரம்பித்து, ரோடு வளைந்து, இரண்டு பக்கமும் மலை விலகி, கீழே பள்ளத்தாக்கு விரிந்ததும் தலையை நிமிர்த்தினார். அப்புறம் முள்ளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி முழுக்க மலையும் வானமுமாக இருந்தது. எதிரே லாரிகள் முக்கிக்கொண்டு ஏறி வந்தன.

"இந்த ரோட்ல எத்தன தடவ போயிருக்கறேன்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அவரு ஓட்டுவாரு. முன்சீட்டுல அவரோட கூட்டாளிங்க யாராச்சும் இருப்பாங்க. பின்னாடி உக்காந்தா ஆம்பளைங்க பொடனிதான் தெரியும். இப்பிடி ஒரு எடம்னு எனக்குத் தெரியாதுப்பா."

பின்னாலிருந்து என் மனைவி, "எனக்கு இப்ப உங்க ரெண்டு பேரு பொடனிதாம்மா தெரியுது" என்றாள். திரும்பி ஏறும்போது அம்மா அவளையும் முன்னாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்பாசடர் முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். முள் நன்றாகவே நின்றது. அதைப் பார்த்துச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

நாற்பதாம் நம்பரின் குணம் மார்கழியில்தான் தெரிந்தது. தருமபுரிப் பனி சும்மா இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். அப்புறம் நான் கதவுக்குள் ஒரு கையும் வெளியே ஒரு காலுமாகத் தள்ள, என் மனைவி பின்னால் தள்ள, பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கைகொடுக்க, சர்ச் மைதானம் வரை ஒரு ஊர்வலம் நடக்கும். வண்டி கிளம்பியதும் பால்காரர் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவைப்பார். என் மனைவிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "தள்ளுனா குளிரு போயிடுது" என்பாள். மாட்டின் மேல் போடுகிற சாக்கை பானெட்டின் மேல் போர்த்திப் பார்த்தோம். சாக்குதான் சூடாக இருந்தது.

அடுத்த ஆயில் மாற்றும் நாள் பொங்கலுக்கு முன்னால் வந்தது. அம்மாவிடம் தள்ளிய கதையையெல்லாம் சொன்னேன். "செரி, இந்தத் தடவ உன் முறை" என்று அவரே இருபது-நாற்பது டின்னை எடுத்துக் கொடுத்தார். ஃபில்டரும் வாங்கினோம். கடைக்காரர் இந்தமுறை கேட்காமலேயே கொசுவம் வைத்ததை எடுத்துவைத்தார். மெக்கானிக் மாட்டினார். மாட்டும்போது அம்மா அவரிடம், கன்னடத்தில் ஆயிலுக்கு என்ன பேர், வேலை முடிந்ததற்கு ஏன் ஆயித்து என்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். "ஆயித்தும்மா" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

மறுபடி தொப்பூர். இந்தமுறை அம்மா கேட்காமலேயே முன்னால் ஏறினார். மனைவி நடுவில். இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழே ரோட்டோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். அம்மா வாழ்க்கையில் சாப்பிட்ட முதல் பரோட்டா அது. "இதென்னப்பா, இதுக்குள்ளயும் கொசுவம் வச்சிருக்கறான்" என்று பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

திரும்பி ஏற ஆரம்பித்துப் பாதி மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். நான் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, முள்ளு எறங்குது."

"மேடுல்லிங்களா. கொஞ்சம் எறங்கும்மா."

"கொஞ்சமில்லப்பா. உளுந்துடுச்சு. நிறுத்து!"

மீட்டரைப் பார்த்தேன். முள் அடியில் படுத்திருந்தது. சட்டென்று ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. என் புது ஆயில் முழுக்கத் தொப்பூர் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னும் ஒரு வளைவு போயிருந்தால் இன்ஜின் இறுகிப்போயிருக்கும். அடுத்தவர் கார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே தைரியமில்லை.

அவரோ பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "எங்கருந்து வருது? அந்தக் கிண்ணத்துலருந்துதான? ஃபில்டரு கிண்ணம்!" என்று குதூகலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பாத்துச் சொன்னன்ல? நீ லாரியப் பாத்திட்டிருந்த. நாந்தான் பாத்தேன்!"

முன்னால் போய்க்கொண்டிருந்த லாரிக்காரர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். நாமக்கல் பக்கத்து ஆள். பெரிய மீசை. இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் அவரும் நானும் சேர்ந்து ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினோம். விஷயம் உடனே தெரிந்துவிட்டது. கிண்ணம் உட்காருகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து முடுக்கியிருந்தது. மெக்கானிக் கன்னடப் பாடம் நடத்திய நேரத்தில் நடந்தது அது.

பழைய வளையம் வருடக்கணக்காகப் பள்ளத்துக்குள் இறுகி ஒட்டிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே நுழையவில்லை. என் மனைவி தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அம்மா கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார். ஊக்கால் குத்தித் தூக்க, ஹேர்பின்னால் நெம்ப, வளையம் புழு மாதிரி வளைந்து வெளியே வந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு அம்மா, "இத்தூணூண்டு!" என்றார்.

புதிய வளையத்தை மட்டும் வைத்துக் கிண்ணத்தை முடுக்கினோம். இப்போது ஆயில் வேண்டும். எங்கள் டின்னில் மிச்சமிருந்தது ஒரு டம்ளர் அளவுதான். லாரிக்காரர் தன் கேனைக் கொண்டுவந்தார்.

"என்ன நம்பரு?" என்று அம்மா கேட்டார்.

"நாப்பதுதாங்கம்மா. லாரிக்கு அதான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்குள் இன்னும் இரண்டு லாரிகள் ஓரம் கட்டிவிட்டன. கீழேயிருந்து பரோட்டாக் கடைக்காரர்கூட ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். கார் நின்றதென்றால் தண்ணீர் வேண்டியிருக்கும் என்று ஒரு குடத்தோடு வந்திருந்தார். எங்களுக்குத் தேவைப்பட்டது தண்ணீர் இல்லை என்றதும், வந்தது வீண்போகக்கூடாது என்று அவரும் ஆயில் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். ஒருவர் முப்பதுதான் மேல் என்றார். இன்னொருவர், பெங்களூர்ப் பக்கம் எல்லோரும் புதுசுக்கு மாறிவிட்டார்கள் என்றார். மீசைக்காரர், "நாப்பது ஊத்தி நாமக்கல்லருந்து கல்கத்தா வரைக்கும் போயிருக்கறேன், நீங்க பேசறீங்க" என்றார். நடுரோட்டில் ஏழெட்டு ஆண்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்க, அம்மா காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, கடலையைக் கொறித்தபடி ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டார். "உங்க ஊர்ல பனி எப்பிடி?" "காலைல எத்தன மணிக்கு எடுப்ப?" "ஒரு நாளைக்கு எத்தன தடவ மேடு ஏறுவ?" எல்லோருக்கும் ஆளுக்கொரு கை கடலை கொடுத்தார். லாரிக்காரர்கள் அவரை "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா" என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசுவது மாதிரி பேசினார்கள்.

நாற்பதை ஊற்றி, என்னிடம் மிச்சமிருந்த புதியதையும் அதன் மேலேயே ஊற்றி, சாவியைத் திருப்பினேன். முள் ஜம்மென்று மேலே ஏறி நின்றது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மீசைக்காரர் ஆயிலுக்குக் காசு வாங்க மறுத்து, மிச்சக் கடலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீடு வந்து சேரும்வரை அம்மா தீர்ப்பு சொல்லவில்லை. பஸ் ஏறும்போதுதான் சொன்னார். "வெயிலு காலத்துக்கு நாப்பது. பனிக்கு உன்னுது. அவரு சொன்னதும் செரிதான், நீ சொன்னதும் செரிதான் தம்பி. ஆனா வளையத்த நாம எண்ணிப் பாத்துப் போடணும்." மெக்கானிக்கிடம் அடுத்தமுறை போனபோது அந்தப் பழைய ரப்பர் வளையத்தை அவர் கையில் வைத்து, "ஆயித்தா?" என்று மட்டும் கேட்டார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, காபி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. ஆயில் வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. தள்ளுகிற வேலை எங்களுக்கும் பால்காரருக்கும் நின்றுபோனது.

ஆயில் மாற்றும் நாள் எங்களுக்குத் திருநாள் மாதிரி ஆனது. மாற்றிய பின் சோதனை ஓட்டம் என்று ஒரு பயணம் கட்டாயம். தொப்பூர் அலுத்ததும், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சித்தேரி மலையடிவாரம் வரை போனோம். ஒருமுறை ஒகேனக்கல் போய், அம்மா மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, ஊரில் சொல்லவேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வண்டிக்கு ஆயில் மாற்றவேண்டிய கிலோமீட்டர் வருவதற்கு முன்பே, "இன்னும் எத்தன நாளாவும் தம்பி?" என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிக் கேட்பார். கடைக்காரரிடம் இந்தக் கணக்குப்படி நான்தான் தருமபுரியிலேயே அதிகமாக ஆயில் மாற்றுகிறவன் என்று பேர் வாங்கினேன்.

அந்தக் கோடையில் ஒருநாள், திரும்பி வரும் வழியில், அம்மா திடீரென்று சொன்னார்.

"முள்ளப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு தம்பி. அந்த ரவுண்ட எனக்குக் குடு."

"எந்த ரவுண்டும்மா?"

"நீ புடிச்சிருக்கியே, அது."

என் மனைவி எனக்கு முன்னால் "குடுங்க, குடுங்க" என்றாள். நான் ரோட்டில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இண்டூர் ஏரி அந்த வருடம் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கொண்டுபோய் நிறுத்தி அவர் கையில் கொடுத்தேன். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. அம்மா ஒவ்வொரு குதிக்கும் "ஹோ" என்றார். கிளச்சை விடவேண்டிய இடத்தில் பிடித்தார், பிடிக்கவேண்டிய இடத்தில் விட்டார். கரையில் ஆடு மேய்த்தவர்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். அவருடைய கொழுந்தனார் வந்து, "அண்ணி, இதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்றார். "உனக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேணும்" என்று பதில் சொல்லிவிட்டு அம்மா அவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்.

ஏரிக்குத் தண்ணீர் வருவதற்குள் அம்மா நன்றாகவே ஓட்டப் பழகிவிட்டார். என் மனைவியும் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். ஆனால் அப்போது எங்களுக்குக் குழந்தை வரப்போவது தெரிந்துவிட்டதால், "மொதல்ல அது வரட்டும், அப்பறம் நீ வா" என்று அம்மா அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்.

லைசென்சுக்கு எழுதிப்போட்டு, சிவப்பில் எல் எழுதிய அட்டையை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு, அவர் முதன்முதலாக இண்டூரிலிருந்து தருமபுரி ரோட்டில் ஓட்டி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பக்கத்தில், ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டி வைத்துக்கொண்டு. மனைவி பின்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், முதுகை நிமிர்த்தி, சைக்கிளை விடக் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

பின்னால் இண்டூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வழி விடச் சொன்னேன். விடமாட்டேன் என்றார். மறுபடி ஹாரன். அப்புறம் பஸ் டிரைவருக்கு யார் ஓட்டுகிறார் என்று தெரிந்திருக்கவேண்டும். ரோடு அகலமான இடத்தில் மெதுவாக எங்களுக்கு இணையாகக் கொண்டுவந்தார். பஸ்ஸின் எல்லா ஜன்னலிலும் தலைகள். மாதாமாதம் அதே பஸ்ஸில் ஆயில் வாங்க வந்தவரை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"அம்மா! நீங்களா! எங்கம்மா போறீங்க?"

அம்மா ரோட்டிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. வலது கையை மட்டும் ஒரு நொடி ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, போ போ என்று பஸ்ஸுக்கு வழி காட்டினார்.

"சும்மாதாம்ப்பா!" என்று கத்தினார். "ஓட்டறதுக்கு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் பின்சீட்டில் என் மனைவி சிரித்துச் சிரித்து, "அம்மா, நிறுத்துங்க, வயிறு வலிக்குது" என்றாள். அம்மா நிறுத்தவில்லை.